பெயர் தெரிந்தால் போதும்: யூனிக்ஸின் தற்காலிகக் கோப்புகளும் அவற்றின் ஆபத்தும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் மறையாக்கம், செயற்கை நுண்ணறிவு என்று கனமான தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு நிரல் ஓடி முடிந்ததும் அழிந்துபோகிற கோப்பை. தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "அதுல ஒரு மணி நேரம் பேச என்ன சார் இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். ஒரு பிழையின் திருத்தம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், கையேட்டிலேயே அச்சாகியிருந்தும், அந்தப் பிழை முப்பது நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது என்றால், அதில் ஒரு மணி நேரத்துக்கான விஷயம் இருக்கிறது என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

யூனிக்ஸ் வகைக் கணினி எதுவானாலும் அதில் 'டெம்ப்' என்று ஒரு டைரக்டரி இருக்கும். வேலை நடுவில் எதையாவது எழுதிவைக்க வேண்டிய நிரல்கள் அங்கே எழுதும். நினைவகத்தில் அடங்காத பட்டியலை வரிசைப்படுத்தும் 'சார்ட்' கட்டளை, துண்டு துண்டாக அங்கே எழுதி வைத்துப் பிறகு சேர்க்கும். சி மொழிக் கம்பைலர் ஒரு கட்டத்தின் விளைவை அடுத்த கட்டத்துக்கு அங்கே வைத்துத்தான் கைமாற்றும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்தது 16 பிட் பிடிபி-11 எந்திரத்தில். ஒரு நிரலுக்குக் கிடைத்த இடம் 64 கிலோபைட்டைச் சுற்றித்தான். அந்த நெருக்கடியில் வட்டில் பொதுவாக ஒரு இடம் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

பொது இடம் என்பதால் அங்கே எந்தப் பயனரும் எழுதலாம். பயிற்சிப் புத்தகங்கள் சரியாகச் சொல்லாமல் விடுகிற ஒன்று இங்கே இருக்கிறது. யூனிக்ஸில் ஒரு டைரக்டரியில் எழுதும் உரிமை என்றால், அதில் உள்ள பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் உரிமை என்று பொருள். கோப்பு உங்களுடையது, அதைப் படிக்க எனக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் டைரக்டரியில் எனக்கு எழுதும் உரிமை இருந்தால் உங்கள் கோப்பின் பெயரை நீக்கிவிட்டு அதே பெயரில் என் கோப்பை வைத்துவிடலாம். கோப்பு வேறு, பெயர் வேறு. பெயர் டைரக்டரியின் சொத்து. இன்றைக்கு நான் சொல்லப்போகும் எல்லாக் கோளாறும் இந்த இடத்திலிருந்துதான் முளைக்கிறது.

பிறர் கோப்பை நீக்குவதைத் தடுக்க வந்தது 'ஸ்டிக்கி பிட்'. அது முதலில் பிறந்தது வேறு வேலைக்காக: அடிக்கடி ஓடும் நிரலின் உடலை ஸ்வாப் பகுதியிலேயே ஒட்டி வைத்துக்கொள்ள. 1986-இல் வந்த 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸ் அதற்கு டைரக்டரிகளில் ஒரு புதுப் பொருள் கொடுத்தது. இந்தப் பிட் போட்ட டைரக்டரியில் கோப்பின் உரிமையாளரும், டைரக்டரியின் உரிமையாளரும், ரூட்டும் மட்டுமே பெயரை நீக்கவோ மாற்றவோ முடியும். டெம்பின் அனுமதி எண் 1777 என்று இருப்பதில் முதலில் நிற்கும் 1 அதுதான். இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1995-இல் சோலாரிஸ் சாட்சியானது. டெம்பில் ஸ்டிக்கி பிட் விடுபட்ட சோலாரிஸ் 2 எந்திரங்களில், புராசஸ் பட்டியல் காட்டும் 'பிஎஸ்' கட்டளை எழுதும் தற்காலிகக் கோப்பை இடையில் புகுந்து மாற்றிச் சாதாரணப் பயனர் ரூட் ஆகலாம் என்று செர்ட் அமைப்பு எச்சரித்தது.

ஸ்டிக்கி பிட் இருப்பதை நீக்கவிடாது. இல்லாததை முன்கூட்டியே வைப்பதை அது தடுக்காது. நம் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கிளம்பும் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் எந்த இருக்கையில் உட்காருவீர்கள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்றால், நான் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடலாம். டெம்பில் அப்படித் துண்டு போட உதவுவது சிம்லிங்க். 1983-இல் 4.2 பி.எஸ்.டி. வழியாகப் பரவிய வசதி அது. உள்ளே வேறொரு கோப்பின் பாதை மட்டும் எழுதியிருக்கும் சின்னக் கோப்பு. அதைத் திறந்தால் கெர்னல் உங்களை அந்தப் பாதைக்குக் கொண்டுபோய்விடும். சிம்லிங்க் உருவாக்க, அது காட்டும் கோப்பின் மேல் எனக்கு எந்த உரிமையும் தேவையில்லை. காட்டும் கோப்பு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஒரு தாக்குதலைக் கிட்ட இருந்து பார்ப்போம். தொண்ணூறுகளின் ஒரு யூனிக்ஸ் சர்வர். இரவு இரண்டு மணிக்கு ரூட்டின் பெயரில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் 'கிரான்' ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. எல்லாப் பயனர்களின் வீட்டு டைரக்டரிகளிலும் உள்ள கோப்புகளின் பெயர்களை 'ஃபைண்ட்' கட்டளையால் திரட்டி, டெம்பில் 'லிஸ்ட்' என்ற சொல்லோடு ஒரு புள்ளியும் இரட்டை டாலர் குறியும் சேர்த்த பெயரில் எழுதுகிறது. ஷெல்லில் இரட்டை டாலர் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் எண். ஒவ்வொரு முறையும் எண் மாறுகிறது, அதனால் பெயர் மோதாது, எல்லாம் நல்லபடி நடக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதியவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அன்று மாலை இரண்டு காரியம் செய்கிறார். முதலாவது, புராசஸ் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுபவை. அந்தக் கால லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அவை 32 ஆயிரத்துச் சொச்சத்தைத் தாண்டாது. அவ்வளவு எண்ணுக்கும் 'லிஸ்ட்' புள்ளி எண் என்ற பெயரில் சிம்லிங்க் போட்டுவிடுகிறார். நாலு வரி ஸ்கிரிப்ட், சில நொடி வேலை. ஒவ்வொரு இணைப்பும் காட்டுவது, ரூட்டின் வீட்டில் இன்னும் இல்லாத 'ஆர்-ஹோஸ்ட்ஸ்' கோப்பை. அந்தக் காலத்தில் கடவுச்சொல் கேட்காமல் யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் கோப்பு அது. இரண்டாவது, தன் வீட்டு டைரக்டரியில் ஒரு கோப்பு உருவாக்குகிறார். அதன் பெயரில் ஒரு புதுவரிக் குறி, பிறகு இரண்டு கூட்டல் குறிகள், பிறகு மறுபடியும் ஒரு புதுவரிக் குறி. யூனிக்ஸில் கோப்பின் பெயருக்குள் சாய்கோடும் சுழி பைட்டும் தவிர எதுவும் வரலாம் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. பட்டியலை டெம்பில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, சிம்லிங்க் வழியே ரூட்டின் வீட்டில் ஒரு புதுக் கோப்பை உருவாக்கி எழுதுகிறது. ஆயிரக்கணக்கான வரிகள் வெறும் குப்பை. அவற்றைப் படிக்கும் நிரல் தாண்டிப் போய்விடும். நடுவில் ஒரு வரியில் மட்டும் இரண்டு கூட்டல் குறிகள் தனியாக நிற்கின்றன. அதற்கு 'எந்த எந்திரத்திலிருந்தும் எந்தப் பயனரும் வரலாம்' என்று பொருள். ஸ்கிரிப்டில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. காலையில் எந்திரம் இன்னொருவருடையது.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாதவர் சிம்லிங்கை 'பாஸ்வேர்டு' கோப்பின் மேல் காட்டியிருப்பார். மறுநாள் யாராலும் உள்ளே நுழைய முடியாது.  நாசம் செய்ய மூளை குறைவாகத்தான் வேண்டும்.

இதைக் கேட்டதும் வகுப்பில் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதுமே?" போதாது. இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு கெர்னல் அழைப்பு, திறந்து எழுதுவது இன்னொரு அழைப்பு. இரண்டுக்கும் நடுவில் கெர்னல் வேறு புராசஸுக்கு முறை கொடுக்கலாம். அந்த இடைவெளி மைக்ரோ நொடிதான் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தாக்குபவர் ஒரு முறை முயன்றுவிட்டுப் போகிறவர் இல்லை, இரவெல்லாம் முயல்வார். எந்திரத்துக்குச் சுமை ஏற்றி இடைவெளியை நீட்டவும் செய்வார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மாட் பிஷப்பும் மைக்கேல் டில்கரும் 1996-இல் இந்த வகைப் பிழையை ஆராய்ந்து, சி நிரல்களில் அதைத் தேடிப் பிடிக்கும் வழிகளைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பார்த்த நேரமும் பயன்படுத்திய நேரமும் வேறு வேறாக இருக்கும் எல்லா இடத்திலும் இந்தப் பூச்சி குடியிருக்கும்.

சரியான திருத்தம் பார்ப்பதையும் உருவாக்குவதையும் ஒரே அழைப்பாக்குவது. கோப்பைத் திறக்கும் அழைப்பில் 'உருவாக்கு' என்ற குறியோடு 'தனியாக' என்ற குறியையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பெயரில் எது இருந்தாலும், அது சிம்லிங்காகவே இருந்தாலும், கெர்னல் தோல்வி என்று திருப்பி அனுப்பிவிடும். இடையில் யாரும் புக முடியாது. தோற்றால் வேறு பெயரில் முயலலாம். இதைச் செய்துதரும் நூலகச் செயற்கூறு 'எம்கே-எஸ்-டெம்ப்'. அதுவும் 4.3 பி.எஸ்.டி. காலத்திலேயே வந்துவிட்டது. அதாவது எண்பதுகளின் நடுவிலேயே மருந்து கடைக்கு வந்தாயிற்று.

நோய் தீரவில்லை. காரணம், அதற்கு மூத்த அண்ணன் ஒருவர் வீட்டில் இருந்தார். 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்த 'எம்கே-டெம்ப்' என்ற செயற்கூறு. இது கோப்பை உருவாக்காது, பெயரை மட்டும் தரும். வார்ப்புரு ஒன்றின் கடைசியில் ஆறு எக்ஸ் எழுதிக் கொடுத்தால் அவற்றுக்குப் பதிலாக வேறு எழுத்துகளைப் போட்டுத் தரும். பல அமைப்புகளில் அந்த ஆறு எழுத்துகள், ஐந்து இலக்கப் புராசஸ் எண்ணும் ஒரு ஆங்கில எழுத்தும். எண் தெரிந்தவருக்கு மிச்சம் இருப்பது 26 பெயர்கள். பூட்டுக்கு 26 சாவிதான் என்றால் அதைப் பூட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே ஒரு தவறான பாடத்தையும் சிலர் கற்றுக்கொண்டார்கள்: பெயரை ஊகிக்க முடியாதபடி செய்துவிட்டால் போதும் என்று. இன்றைய குனூ சி நூலகம் அந்த ஆறு இடங்களில் 62 எழுத்துகளிலிருந்து எடுக்கிறது. சாத்தியமான பெயர்கள் சுமார் 5,680 கோடி. நல்லதுதான். ஆனால் பெயரைப் பெற்றுக்கொண்டு பிறகு நிதானமாகத் திறப்பீர்கள் என்றால், இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. பெயரின் எதேச்சைத்தன்மை தாக்குதலைக் கடினமாக்கும்; ஒரே அழைப்பில் தனியாக உருவாக்குவது அதை முடித்துவைக்கும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. சி நிரலில் எம்கே-டெம்பை அழைத்தால், இணைக்கும் நேரத்தில் குனூ கருவிகள் 'இது ஆபத்தானது, எம்கே-எஸ்-டெம்ப் பயன்படுத்துவது மேல்' என்று திரையிலேயே சொல்லும். பைத்தான் 2003-இல் தன் நூலகத்தில் அதே பெயரிலிருந்த செயற்கூறைக் கைவிடச் சொன்னது. போசிக்ஸ் தரநிர்ணயம் 2008-இல் எம்கே-டெம்பைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் நடந்தவற்றைக் கேளுங்கள்.

ஜிசிசி கம்பைலரின் 2.7.2 பதிப்பு, தொகுப்பின் நடுவில் எழுதும் கோப்புகளில் சிம்லிங்க் தாக்குதலுக்கு இடம் கொடுத்தது. எச்சரிக்கையோடு எழுதப்பட்ட நிரலைக்கூட ரூட் தன் கையால் தொகுத்தால் அந்தக் கணத்திலேயே ஆபத்து. 2000-ஆம் ஆண்டில் இதைவிடக் கூச்சமான ஒன்று வெளிவந்தது. ஷெல் ஸ்கிரிப்டில் இரட்டை << குறி போட்டு, பல வரிகளை ஒரு கட்டளைக்கு நேரே ஊட்டும் வழக்கம் இருக்கிறது அல்லவா? அந்த வரிகளை ஷெல்லே கமுக்கமாக டெம்பில் ஒரு கோப்பில் எழுதி வைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊகிக்கத்தக்க பெயரில், சிம்லிங்கைப் பின்தொடர்ந்து. பாஷ், டிசிஷெல், சிஷெல், பழைய பார்ன் ஷெல் என்று பல ஷெல்களும் பல யூனிக்ஸ்களில் இதில் மாட்டின. தற்காலிகக் கோப்பே வேண்டாம் என்று ஒதுங்கி எழுதியவரின் ஸ்கிரிப்டிலும் தற்காலிகக் கோப்பு இருந்தது. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த சில வாரங்களில், 2001 ஜனவரியில், இம்யூனிக்ஸ் என்ற பாதுகாப்பு லினக்ஸை உருவாக்கிய குழு தன் தொகுப்பில் இருந்த மென்பொருள்களை இந்த ஒரு பிழைக்காக மட்டும் சல்லடை போட்டுத் தேடியது. அகப்பட்டவற்றின் பட்டியல் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்பாச்சி வெப் சர்வரோடு வரும் கடவுச்சொல் கருவிகள். ஸ்குவிட் பிராக்சி. செய்திக்குழுச் சர்வர் ஐஎன்என். மோடத்தையும் தொலைநகலையும் கவனிக்கும் எம்கெட்டி. கன்சோலில் மவுஸை ஓட்டும் ஜிபிஎம். இரண்டு கோப்புகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிடும் எஸ்டிஃப். புதுப் பயனரைச் சேர்க்கும் 'யூசர்-ஆட்'. இவற்றுக்குள் என்ன ஒற்றுமை? ஒன்றுமே இல்லை. வேறு வேறு நாடுகளில், வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு திறமைக்காரர்கள் எழுதியவை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தக் குழுவின் கிரிஸ்பின் கோவனும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் உள்ளிட்ட சகாக்களும், பார்ப்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் நடக்கும் இந்தப் பந்தயத்தைக் கெர்னலே கண்டுபிடித்துத் தடுக்கும் 'ரேஸ்கார்ட்' என்ற ஏற்பாட்டை யூஸ்நிக்ஸ் மாநாட்டில் முன்வைத்தார்கள். ஒவ்வொரு நிரலாகத் திருத்தி மாளாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஏழாண்டு கழித்து, 2008 ஆகஸ்டில், டெபியன் தொகுப்புகளில் மறுபடியும் இதே தேடல் நடந்தது. மறுபடியும் ஒரு நீண்ட பட்டியல் வந்தது.

நிரலாளர்கள் அலட்சியமானவர்கள் என்று இதை முடித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தற்காலிகக் கோப்பு எந்த நிரலுக்கும் முக்கிய வேலை இல்லை. பிராக்சி எழுதுபவரின் கவனம் பிராக்சியில் இருக்கும், மவுஸ் நிரல் எழுதுபவரின் கவனம் மவுஸில். டெம்பில் ஒரு கோப்பு என்பது வழியில் செய்கிற ஒரு வரி. அந்த ஒரு வரி தவறாக இருந்தாலும் எந்தச் சோதனையிலும் தோற்காது. லட்சம் முறை ஓட்டினாலும் சரியாகவே ஓடும், பக்கத்தில் ஒரு கெட்டவர் உட்காரும் வரை. சரியான வழி நீளமானது, தவறான வழி குட்டையானது. குட்டையானதைத்தான் கை தானாக எழுதும்.

இன்னொரு சமாதானமும் உண்டு: 'இது உள்ளே கணக்கு வைத்திருப்பவர் செய்யும் தாக்குதல்தானே, வெளியாள் செய்ய முடியாதே' என்று. வெப் சர்வரில் ஒரு ஓட்டை வழியே நுழைபவர் முதலில் எந்த அதிகாரமும் இல்லாத கணக்கில்தான் வந்து விழுவார். அங்கிருந்து ரூட்டுக்கு ஏற அவருக்கு ஒரு படி வேண்டும். டெம்பில் எழுதும் உரிமை அந்த ஏழைக் கணக்குக்கும் உண்டு.

இதுவரை எழுதுவதைப் பற்றியே பேசினேன். படிப்பதும் இருக்கிறது. கோப்பைத் தனியாக உருவாக்கிவிட்டீர்கள். ஆனால் ஊரே படிக்கும்படி திறந்து வைத்தால் அதில் உள்ள ரகசியம் போயிற்று. குனூ சி நூலகத்தின் மிகப் பழைய பதிப்புகளில் எம்கே-எஸ்-டெம்ப் உருவாக்கிய கோப்பின் அனுமதியே 0666. பிறகுதான் 0600 ஆனது. இது பழங்கதை என்று நினைத்தால், 2020-இல் ஜாவா உலகத்தில் எந்தப் பெரிய திட்டத்திலும் இருக்கும் இரண்டு நூலகங்களில், குவாவாவிலும் ஜேயூனிட் 4-இலும், டெம்பில் உருவாக்கும் டைரக்டரியை மற்றப் பயனர்களும் படிக்கலாம் என்று தனித்தனியே பாதுகாப்பு அறிவிப்புகள் வந்தன. ஜேயூனிட் சோதனைக் கருவி. சோதனையில் போட்டுவைக்கும் சாவிகளும் கடவுச்சொற்களும் பல இடங்களில் நிஜமானவையே என்பதை இங்கே வேலைக்குப் போய் வந்திருக்கும் பழைய மாணவர்கள் அறிவார்கள்.

துப்புரவு வேலையும் ஆபத்தில்லாதது இல்லை. டெம்ப் நிரம்பாமல் இருக்க, நாள்பட்ட கோப்புகளைக் கழிக்கும் நிரல்களைத் தினமும் ஓட்டுவார்கள். ரெட் ஹாட்டில் பத்து நாள் தொடப்படாத கோப்பு போய்விடும். பாதுகாப்பு ஆய்வாளர் மிகைல் ஜலெவ்ஸ்கி 2002 டிசம்பரில் இதில் இருந்த வம்பைச் சுட்டிக்காட்டினார். நிரல் எம்கே-எஸ்-டெம்ப் கொண்டு முறைப்படி கோப்பை உருவாக்கியிருக்கிறது. பிறகு எதற்காகவோ பல நாள் தூங்குகிறது, அல்லது தாக்குபவரே அதை நிறுத்தி வைக்கிறார். துப்புரவு நிரல் வந்து கோப்பை நீக்குகிறது. பெயர் காலியாகிறது. அதே பெயரில் தாக்குபவர் தன்னுடையதை வைக்கிறார். நிரல் விழித்து, பெயரை வைத்து மறுபடியும் கோப்பைத் திறந்தால் கதை முடிந்தது. பிறந்தபோது பாதுகாப்பாக இருந்த கோப்பு, ஆள் தெரியாமல் மாறிவிட்டது. திறந்த கோப்பின் கைப்பிடியை விடாமல் வைத்திருந்து, பெயரை மறந்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. யூனிக்ஸின் பழைய கைகள் கோப்பைத் திறந்த மறுகணமே பெயரை நீக்கிவிடுவார்கள். கைப்பிடி மூடும்வரை கோப்பு உயிரோடு இருக்கும், யாராலும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. 2013-இல் லினக்ஸ் 3.11 பெயரே இல்லாமல் கோப்பு உருவாக்கும் வழியையும் தந்தது.

ஆக, நிலைமையை மாற்றியது எது? கையேடுகளா, எச்சரிக்கைகளா? அவற்றுக்கு இருபது ஆண்டு அவகாசம் கொடுத்தாகிவிட்டது. மாற்றியது, டெம்ப் என்ற இடத்தின் விதிகளையே திருத்தியது. ஸ்டிக்கி பிட் போட்ட பொது டைரக்டரியில் பிறர் வைத்த சிம்லிங்கைப் பின்தொடரக் கூடாது என்பது விதி. இணைப்பின் உரிமையாளரும் அதைத் திறப்பவரும் ஒருவராக இருக்க வேண்டும், அல்லது அது டைரக்டரியின் உரிமையாளர் வைத்ததாக இருக்க வேண்டும். இந்த யோசனை தொண்ணூறுகளிலேயே ஓப்பன்வால் போன்ற தனித் திட்டங்களில் இருந்தது. முதன்மைக் கெர்னலுக்குள் வர ஒவ்வொரு முறையும் 'இது போசிக்ஸுக்கு விரோதம், நிரல்களைத்தான் திருத்த வேண்டும்' என்ற எதிர்ப்பு வந்தது. உபுண்டு 2010-இல் தன் கெர்னலில் சேர்த்துக்கொண்டது. கெர்னல் நிரலாளர் கீஸ் குக் விடாமல் மன்றாடி 2012-இல் லினக்ஸ் 3.6-இல் சேர்த்தார்.

சேர்ந்த சில வாரத்தில் ஒரு வேடிக்கை. ஹார்டு லிங்குகளுக்கும் இதுபோல ஒரு கட்டுப்பாடு உடன் வந்திருந்தது. அதனால் ஜெர்மனியின் வானிலைத் துறையில் உருவான கோப்பு விநியோக மென்பொருள் ஒன்று நின்றுபோனது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை உடைப்பது லைனஸ் டோர்வால்ட்ஸுக்கு ஆகாத காரியம். இரண்டு கட்டுப்பாடுகளையும் வேண்டுபவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று இயல்புநிலையில் அணைத்து வைத்தார். பிறகு லினக்ஸ் வழங்கல்கள் தாங்களாகவே அதைப் போட்டுக்கொண்டன. 2018-இல் கெர்னல் 4.19 அடுத்த படியாக, பொது டைரக்டரியில் பிறர் முன்கூட்டியே வைத்த சாதாரணக் கோப்பையும் உருவாக்கும் நோக்கில் திறக்கவிடாமல் செய்தது. மறு ஆண்டு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை இயல்பாக்கியதும், 'நான் ரூட், எனக்கே அனுமதி இல்லை என்கிறது' என்று நிர்வாகிகள் தலையைச் சொறிந்தார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் அது அப்படிச் சொன்னது.

இன்னொரு பாதை, பொது இடத்தையே தனி இடமாகப் பிரித்துவிடுவது. அமைப்பில் கேட்டுக்கொண்டால், சிஸ்டம்டி ஒரு சேவைக்கு அதற்கென ஒரு டெம்பைக் காட்டும். நிரலுக்கு அது வழக்கமான டெம்ப் போலவே தெரியும், உள்ளே வேறு யாரும் இல்லை. ஆப்பிள் 2007-இன் லெப்பர்டு பதிப்பிலிருந்து பயனருக்குப் பயனர் தனித் தற்காலிக டைரக்டரி கொடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண், தனி இடம். பொது டெம்ப் என்ற பேச்சே இல்லை.

ஆனால் பழைய ஆண்ட்ராய்டில் பொது இடம் வேறு பெயரில் இருந்தது: வெளிச் சேமிப்பகம். 2018 ஆகஸ்டில் செக் பாயிண்ட் நிறுவனத்தார் அதைச் செயலிகள் எப்படியெல்லாம் கண்மூடி நம்புகின்றன என்று விரிவாகக் காட்டினார்கள். அதே மாதம் உலகமே விளையாடிக்கொண்டிருந்த 'ஃபோர்ட்நைட்' அதில் சிக்கியது. அதை நிறுவும் செயலி, விளையாட்டுத் தொகுப்பை வெளிச் சேமிப்பகத்தில் இறக்கிக்கொண்டு, தொகுப்பின் டிஜிட்டல் கைரேகைச் சரிபார்ப்பும் முடித்து, பிறகு நிறுவச் சொல்லும். சரிபார்ப்பு முடிந்ததற்கும் நிறுவுவதற்கும் நடுவில், அந்தச் சேமிப்பகத்தில் எழுதும் அனுமதி வைத்திருந்த வேறெந்தச் செயலியும் தொகுப்பை மாற்றி வைக்கலாம். சாம்சங் கைபேசிகளில் நிறுவும் வேலையைப் பார்த்த பகுதி சரிபார்த்தது தொகுப்பின் பெயரை மட்டும்தான். பெயர் பொருந்தினால் பயனரைக் கேட்காமலே நிறுவிவிடும். கூகுள் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார், விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் ஓரிரு நாளில் தொகுப்பைச் செயலியின் சொந்த உள்ளிடத்துக்கு மாற்றிச் சரிசெய்தது. செய்த திருத்தத்தைக் கவனியுங்கள்: இடம் மாறியது, பெயர் மாறவில்லை.

மாணவர்களுக்கு, நாளை ஆய்வகத்தில் செய்வதற்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஷெல் ஸ்கிரிப்டில் இரட்டை டாலர் போட்டுப் பெயர் வைக்காதீர்கள். டாட் மில்லர் எழுதி 1997-இல் ஓப்பன்பிஎஸ்டியில் வந்த 'எம்கே-டெம்ப்' கட்டளை இன்று எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. நூலகத்தில் இருந்த பழைய ஆபத்தான அண்ணனின் பெயர்தான், ஆள் வேறு. இது பெயரைச் சொல்வதோடு நில்லாமல் உருவாக்கியும் தரும். அதற்கு 'டி' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் 0700 அனுமதியோடு ஒரு டைரக்டரியே கிடைக்கும். அதற்குள் உங்களையும் ரூட்டையும் தவிர யாரும் நுழைய முடியாது என்பதால், உள்ளே 'லிஸ்ட்' என்றே பெயர் வைக்கலாம்; யாருக்குத் தெரிந்தால் என்ன? முடிவில் அதை அழிக்க 'டிராப்' வரி ஒன்று எழுதிவிடுங்கள்.

அந்தக் கட்டளை தோற்றதா என்று அடுத்த வரியிலேயே பார்க்கவும் வேண்டும். வட்டு நிரம்பியிருந்தால் தோற்கும். பார்க்காமல் விட்டால் டைரக்டரியின் பெயரை வைத்திருக்க வேண்டிய மாறி காலியாக இருக்கும். கடைசியில் 'இந்த மாறி, ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம்' என்று எழுதி எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருப்பீர்கள். மாறி காலி என்றால் மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும். ஓட்டுபவர் ரூட்டாக இருந்தால், அது எந்த இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.